துடைத்து மாட்டிய ரைபிளில் ஒரு திருகு மிச்சம்: சுட்டுப் பார்க்கலாமா?

கேள்வியின் சுருக்கம் இது. வீடு காரைக்குடிப் பக்கம். அப்பச்சி பெயரில் லைசென்ஸ் உள்ள .315 ரைபிள் ஒன்று, சித்தப்பா பெயரில் அதே மாதிரி இன்னொன்று. போல்டுகளை (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பின்னாலிருந்து பூட்டும் பாகம்) தனியே எடுத்துப் பெட்டக அறையில் வைப்பது வழக்கம். ஆயுத பூஜைக்காக இரண்டையும் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டிருக்கிறார்கள். மாட்டிய பிறகு ஒன்றில் போல்டின் கைப்பிடி கீழே இறங்கும்போது பிடிக்கிறது. துணியில் ஒரு சின்னத் திருகு மிச்சம் கிடக்கிறது. "தோப்பில் வைத்து ஒரு ரவுண்டு சுட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா?" என்று கேட்கிறீர்கள்.

சுடாதீர்கள். இரண்டு ரைபிளையுமே சுடாதீர்கள். ஒன்றில்தான் கோளாறு தெரிகிறது என்றாலும், போல்டுகள் மாறியிருந்தால் கோளாறு இரண்டிலும் இருக்கும். தோட்டாக்களை முதலில் வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு மேலே படியுங்கள்.

தப்பாக மாட்டிய ரைபிள் வேலை செய்யாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வேலை செய்யாமல் போனால் ஆபத்தே இல்லை. உண்மையில் அது வேலை செய்யும்: போல்ட் உள்ளே போகும், கைப்பிடி இறங்கும், டிரிகர் இழுத்தால் 'டிக்' என்று விழும், தோட்டாவும் வெடிக்கும். ஆனால் அந்த வெடிப்பைத் தாங்க வேண்டிய பாகம் தன் இடத்தில் இருக்காது. .303 வகைத் தோட்டா வெடிக்கும்போது சேம்பருக்குள் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) சதுர அங்குலத்துக்கு 40 ஆயிரம் பவுண்டுக்கு மேல் அழுத்தம் எழுகிறது. அது தோட்டாவின் அடிப்பக்கத்தை இரண்டு டன்னுக்குக் குறையாத விசையோடு பின்னால் தள்ளுகிறது. பின்னால் இருப்பது போல்ட். போல்டுக்குப் பின்னால் இருப்பது சுடுகிறவரின் வலது கண்.

உங்களிடம் இருப்பது இஷாப்பூர் ரைபிள் ஃபேக்டரி தயாரிப்பு என்றால் அதன் உள்ளமைப்பு லீ-என்ஃபீல்டு என்ற .303 பிரிட்டிஷ் ராணுவ ரைபிளின் வழி வந்தது. இந்த அமைப்பில் போல்டின் தலை (போல்ட் ஹெட்) தனித் துண்டு. அதை மரையால் போல்ட் உடலுக்குள் திருக வேண்டும். கோளாறு வருகிற முதல் இடம் இதுதான். போல்ட் ஹெட்டின் பக்கவாட்டில் ஒரு கொக்கி இருக்கும், போல்ட் உடலின் மேல் நீளவாக்கில் ஒரு மேடு ஓடும். கடைசிவரை திருகிய நிலையில் கொக்கியும் மேடும் ஒரே கோட்டில் நிற்கும். பாதி திருகி நிறுத்தினால் பார்த்ததும் தெரிந்துவிடும். ஒரு முழுச் சுற்று குறைவாகத் திருகி நிறுத்தினால் கொக்கியும் மேடும் அப்போதும் ஒரே கோட்டில்தான் நிற்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும். ஆனால் பாட்டில் மூடி ஒரு மரை பிந்தி நிற்பது போலத் தலைக்கும் உடலுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி இருக்கும்.

அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது? சரியாக மாட்டிய நிலையில் போல்ட் ஹெட்டின் பின்முகம் போல்ட் உடலின் முன்முகத்தில் முட்டி நிற்கும். வெடிப்பின் விசை முகத்திலிருந்து முகத்துக்குப் போகும், மரைக்குச் சுமை இல்லை. ஒரு சுற்று பிந்தி நின்றால் அந்த இரண்டு டன்னும் மரையின் மேல் விழுகிறது. மரை அந்தச் சுமைக்காக வெட்டப்பட்டதல்ல. கூடவே போல்டின் நீளமும் கூடிவிடுவதால், காலியாக மூடிக்கொள்ளும் போல்ட் தோட்டாவோடு மூட மறுக்கும். அந்த நேரத்தில் கைப்பிடியை உள்ளங்கையால் தட்டி இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். உயிருள்ள தோட்டாவை நெருக்கி வைத்துத் தட்டுவதை விட மோசமான யோசனை கிடையாது.

திருகிப் பார்க்க விரலே போதும், இடுக்கி வேண்டாம். கடைசிவரை திருகுங்கள். நின்ற இடத்தில் கொக்கியும் மேடும் நேராக இருக்கிறதா, விளிம்பில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். நேர்கோட்டையும் தாண்டித் தளர்வாகச் சுற்றிக்கொண்டே போனால் அது வேறு போல்டின் தலையாக இருக்கலாம், அல்லது தேய்ந்திருக்கலாம். இரண்டுமே ஆர்மரர் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) பார்க்க வேண்டியவை.

இரண்டாவது, போல்ட் மாறுவது. உங்கள் வீட்டில் நடந்திருக்கக் கூடியது என்று நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். ஒரே ஃபேக்டரி, ஒரே மாடல், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு போல்டும் அதனதன் ரைபிளுக்கு என்று உராய்ந்து பொருத்தப்பட்டது. அதனால்தான் கைப்பிடியின் அடியிலும் ரைபிளின் உடலிலும் ஒரே எண்ணைப் பொறிக்கிறார்கள். போல்டைப் பூட்டும் புடைப்புகளான காதுகள் இரண்டும் ரைபிளின் பள்ளங்களில் சமமாக உட்கார வேண்டும். வேறு ரைபிளின் போல்டில் ஒரு காது மட்டும் முட்டி, மற்றது காற்றில் நிற்கும்.

அதை விட முக்கியம், போல்ட் முகத்துக்கும் குழலின் பின்முகத்துக்கும் உள்ள இடைவெளி. .303 ராணுவ ரைபிளில் இதற்கு அனுமதித்த அளவு 0.064 அங்குலம் முதல் 0.074 அங்குலம் வரை. நடுவே இருப்பது கால் மில்லிமீட்டர்தான். இடைவெளி கூடினால் வெடிக்கும்போது பித்தளைக் கூடு முன்பக்கம் சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்ளும், அடிப்பக்கம் பின்னால் நகரும், நடுவில் கூடு இழுபட்டு அடிக்கு மேலே வளையமாக அறுந்துபோகும். அறுந்த இடத்தில் வாயு வெளியே பாயும். பழைய கூடுகளை எடுத்துப் பாருங்கள். அடியிலிருந்து சுமார் ஒரு சென்டிமீட்டர் மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் அந்த ரைபிளில் இடைவெளி ஏற்கெனவே கூடியிருக்க வாய்ப்பு உண்டு.

எண்களை இப்போதே ஒப்பிடுங்கள். எண்ணெயைத் துடைத்துவிட்டு, டார்ச் அடித்து, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போல்ட் எண் மாறியிருந்தால் மாற்றி மாட்டினாலே கைப்பிடி பிடிப்பது நின்றுவிடக் கூடும். நின்றாலும், சுடும் முன் அளந்து பார்ப்பது அவசியம்.

எங்கே பிடிக்கிறது என்பதையும் கவனியுங்கள். இந்த வகை ரைபிளில் போல்டை முன்னால் தள்ளும்போதுதான் ஸ்பிரிங் அழுந்தும். ஆகவே தள்ளும் தூரத்தின் கடைசிப் பகுதி கனமாக இருப்பது இயல்பு. அதற்குப் பிறகு கைப்பிடி கீழே சுழலும்போது பிடிப்பதுதான் இயல்பு அல்ல.

மூன்றாவது, மிச்சமான திருகு. போல்டில் கழன்று வரக்கூடிய சின்னத் திருகுகள் இரண்டு. ஒன்று போல்ட் ஹெட்டில், தோட்டாவை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரைப் பிடிப்பது. இன்னொன்று பின்னால் காக்கிங் பீஸில் (டிரிகர் இழுத்ததும் முன்னால் பாயும் பின்துண்டு) இருப்பது, தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசியான ஸ்ட்ரைக்கரைச் சுழலாமல் பூட்டி வைப்பது. இந்த இரண்டாவதின் தலையில் அகலமான வெட்டு இருக்கும். ஒரு நாணயத்தை வைத்துக்கூடத் திருப்பிவிடலாம், அதனாலேயே துடைக்கிறவர்கள் இதைக் கழற்றிவிடுகிறார்கள்.

காக்கிங் பீஸ் திருகு இல்லாவிட்டால் ஸ்ட்ரைக்கர் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழலும். ஸ்ட்ரைக்கரின் முனை போல்ட் முகத்துக்கு வெளியே நீட்ட வேண்டியது சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். அது குறைந்தால் தோட்டா வெடிக்காது, அல்லது தாமதித்து வெடிக்கும். கூடினால் தோட்டாவின் அடியிலுள்ள கேப்பைத் துளைத்துவிடும், துளை வழியாக வாயு போல்டுக்குள் புகுந்து பின்னால் வரும். சரியான நிலையில் ஸ்ட்ரைக்கரின் பின்முனை காக்கிங் பீஸின் முகத்தோடு சமமாக இருக்கும், நகத்தால் தடவினால் தடை தெரியக் கூடாது. ஸ்ட்ரைக்கரை முழுதாகக் கழற்ற போல்டின் முன்வாய் வழியாக நுழைக்கும் தனிக் கருவி வேண்டும். அது வீட்டில் இருக்காது, வீட்டில் செய்யும் வேலையும் அல்ல.

எக்ஸ்ட்ராக்டர் திருகு என்றால் அபாயம் வேறு விதம். எக்ஸ்ட்ராக்டர் தளர்ந்தோ கழன்றோ போனால் போல்டை இழுக்கும்போது தோட்டா கூடவே வராது, சேம்பரிலேயே தங்கிவிடும். போல்டை இழுத்தோம், எதுவும் விழவில்லை, ஆகவே காலி என்று முடிவு கட்டுவார்கள். "காலித் துப்பாக்கி" என்று நினைத்து நடக்கும் விபத்துகளுக்கு இது நேர் வழி. ஆகவே போல்டை இழுத்துப் பார்த்தது மட்டும் போதாது. சேம்பருக்குள் கண்ணால் பார்க்க வேண்டும், சுண்டுவிரலை விட்டும் தடவ வேண்டும்.

தப்பாக மாட்டினாலும் சுடும் என்பதற்கு வரலாற்றில் பெரிய சாட்சி கனடாவின் ராஸ் ரைபிள், 1910 மாடல். கைப்பிடியைச் சுழற்றாமல் நேராக இழுத்துத் தள்ளும் போல்ட் அது. உள்ளே போல்ட் ஹெட் தானாகச் சுழன்று பூட்டிக்கொள்ளும். துடைத்துவிட்டு மாட்டும்போது போல்ட் ஹெட்டைத் தவறான கோணத்தில் வைத்தாலும் போல்ட் ரைபிளுக்குள் போகும், தோட்டாவைச் சேம்பரில் ஏற்றும், டிரிகரை இழுத்தால் வெடிக்கும். பூட்டு மட்டும் விழுந்திருக்காது, போல்ட் நேராக முகத்துக்கு வரும். பிறகு தவறாக மாட்டவே முடியாதபடி ஓர் ஆணி அடித்துத் திருத்தினார்கள். முதல் உலகப் போரில் சேற்றில் சிக்கி நிற்கும் தொல்லையும் சேர்ந்துகொள்ள, 1916-ல் கனடாப் படையினர் கைக்கு லீ-என்ஃபீல்டு வந்தது. நவீனத் துப்பாக்கியும் விதிவிலக்கல்ல. எம்-16 ரைபிளில் கேம் பின் என்ற சின்ன முளையை மாட்ட மறந்தாலும் ரைபிள் சுடும், சுட்டதும் வெடித்துச் சிதறும் என்று அமெரிக்க ராணுவக் கையேடே எச்சரிக்கிறது. இந்த இரண்டிலும் சுட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. அதுவேதான் விபத்து.

இனி நம் ஊர் விஷயம். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைப்பதில் தவறில்லை. வைக்கும் இடம் ரைபிளின் மரக்கட்டையாக இருக்கட்டும். குழல் வாயிலும் போல்டிலும் டிரிகர் பக்கத்திலும் வேண்டாம். குழல் வாயில் வைத்த சந்தனம் காய்ந்து உள்ளே உதிரும், ஈரம் பிடித்து அடியில் துரு ஏறும். பூஜை முடிந்த கையோடு ஐப்பசி மழை வந்துவிடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் இரண்டும் வேண்டவே வேண்டாம். தாவர எண்ணெய் நாளடைவில் பிசினாகும். அதில் நம் செம்மண் தூசி ஒட்டினால் போல்டுக்குள் ஸ்ட்ரைக்கர் மந்தமாகும். மந்தமான ஸ்ட்ரைக்கரால் தோட்டா வெடிக்காமல் போகலாம், முனை வெளியே நீட்டிய நிலையில் சிக்கிக்கொண்டால் போல்டை மூடும்போதே வெடித்தும் விடலாம். துப்பாக்கிக்கு என்று விற்கும் கனிம எண்ணெயில் இரண்டு மூன்று சொட்டு, துணியில் விட்டுத் தடவினால் போல்டுக்குப் போதும்.

குழலுக்குள் எண்ணெயோடு விட்டுவிடுவதும் தவறுதான். பூட்டி வைக்கும்போது எண்ணெய்ப் படலம் இருக்கட்டும், சுடும் முன் காய்ந்த துணியை இழுத்து எடுத்தே ஆக வேண்டும். சேம்பரில் எண்ணெய் இருந்தால் வெடிக்கும்போது பித்தளைக் கூடு சுவரைப் பிடிக்க முடியாமல் வழுக்கும், முழுச் சுமையும் போல்டின் மேல் விழும். குழலைத் துடைக்கும் துண்டுத் துணி உள்ளே அறுந்து நிற்பது அதைவிடக் கொடியது. துணியைக் கட்டி இழுக்கும் புல்-த்ரூ கயிறு நைந்திருந்தால் துணி நடுக் குழலில் சிக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. தோட்டா அதில் முட்டினால் குழல் அந்த இடத்தில் வீங்கும் அல்லது பிளக்கும். முன்னால் கட்டையைப் பிடித்திருக்கும் இடது கைக்குத்தான் அடி. போல்டை எடுத்துவிட்டு, குழல் வாய்ப் பக்கம் வெள்ளைத் தாளைப் பிடித்து, பின்னாலிருந்து பாருங்கள். முழு வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும், நிழல் எதுவும் இருக்கக் கூடாது.

கட்டையைக் கழற்றினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கழற்றியிருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. பழைய லீ-என்ஃபீல்டு அமைப்பில் டிரிகர் மாட்டியிருப்பது டிரிகர் கார்டில், கார்டு இறுகுவது கட்டையில். கட்டை சித்திரை வெயிலில் சுருங்கும், கார்த்திகை மழையில் ஊதும். அதற்கேற்ப டிரிகருக்கும், காக்கிங் பீஸைப் பிடித்து நிறுத்தும் சியருக்கும் உள்ள பிடி மாறும். முன் திருகின் உள்ளே வரும் சின்ன வளையத்தைத் தொலைத்துவிட்டுத் திருகை இறுக்கினால் கட்டை நசுங்கிப் பிடி இன்னும் மாறும். டிரிகர் லேசாகிவிட்டது என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். லேசானது அல்ல அது, சியர் நுனியில் தொங்குகிறது. பின்கட்டையைக் கழற்றுவது என்றால் முன்கட்டையை முதலில் எடுக்க வேண்டும். வரிசை மாறினால் பின்கட்டையை இறுக்கும் நீள போல்டின் (இது வேறு போல்ட்) சதுர முனை முன்கட்டையைப் பிளந்துவிடும். உண்மையில் துடைப்பதற்கு இது எதுவுமே தேவையில்லை. போல்டை வெளியே எடுங்கள், குழலைப் பின்னாலிருந்து துடையுங்கள், போல்டின் வெளிப்புறத்தையும் முகத்தையும் துடையுங்கள். திருப்புளியை எடுக்கும் வேலை இதில் எங்குமே இல்லை.

ஆர்மரரிடம் போகும் முன் நீங்களே பார்க்கக் கூடியவை, தோட்டா இல்லாத அறையில், குழல் மண்சுவரையோ மணல் மூட்டையையோ பார்த்தபடி: போல்ட் எண் பொருந்துகிறதா, போல்ட் ஹெட் கடைசிவரை இருக்கிறதா, ஸ்ட்ரைக்கரின் பின்முனை சமமாக இருக்கிறதா, குழல் வெளிச்சமாக இருக்கிறதா. பிறகு போல்டை மூடி சேஃப்டியைப் போட்டு டிரிகரை இழுங்கள், எதுவும் நகரக் கூடாது. டிரிகரை விட்டுவிட்டு சேஃப்டியை எடுங்கள், காக்கிங் பீஸ் விழக் கூடாது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் அவசரப்பட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறார்கள், மெதுவாக மூன்று நான்கு தடவை செய்யுங்கள். அடுத்து போல்டைத் திறந்து கொஞ்சம் வேகமாகவே மூடுங்கள், ஒரு பத்துத் தடவை. காக்கிங் பீஸ் ஒரு தடவை தானாக விழுந்தாலும் அந்த ரைபிளுக்குத் தோட்டா காட்டக் கூடாது. மடித்த சாக்கின் மேல் பின்கட்டையை இரண்டு தடவை தட்டிப் பார்ப்பதும் இதே சோதனைதான். இவை எல்லாம் தேறினாலும் இடைவெளியை அளக்க கேஜ் வேண்டும், அது ஆர்மரரிடம்தான் இருக்கும்.

பேங்க் காவலுக்குப் போகும் முன்னாள் ராணுவத்தினரும் இதைப் படிக்கலாம் என்பதால் இரட்டைக் குழல் 12 போர் பற்றி ஒரு வார்த்தை. குழலைப் பிரித்து வைத்த நேரத்தில் டிரிகரை இழுத்துவிட்டால் உள்ளே சுத்தியல் விழுந்துவிடும். பிறகு குழலைத் திரும்ப மாட்ட முடியாது. அதைத் தட்டி மாட்டப் போய் கொக்கி தேய்கிறது, பூட்டு தளர்கிறது. சுத்தியலை மறுபடி ஏற்றிவிட்டு மாட்டினால் கையாலேயே உட்காரும். மாட்டிய பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, குழலின் பின்முகத்துக்கும் அதன் பின்னால் மூடி நிற்கும் ஆக்‌ஷனுக்கும் நடுவே ஒளிக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்தத் துப்பாக்கி டியூட்டிக்கு வேண்டாம்.

தோப்பில் சுட்டுப் பார்ப்பதைப் பற்றி. .315 குண்டு ஓரிரு கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். நம் பக்கம் மேடு இல்லாத வெட்டவெளி, தரையோ செம்புறாங்கல், பட்டால் தெறிக்கும். வேட்டங்குடிச் சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்கள் பறவைகளுக்காகத் தீபாவளி வெடியையே விட்டுவிட்ட மாவட்டம் இது, இங்கே ரைபிள் சத்தத்துக்கு இடம் இல்லை. சட்டமும் இடம் தராது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் சோதிக்கவும் அதற்கான லைசென்ஸ் வேண்டும். லேத் பட்டறையில் கொடுத்துத் திருகு செய்து வாங்குவதும் இதனால் ஆகாது.

லைசென்ஸ் அப்பச்சி பெயரில் இருப்பதால் நீங்களாக எடுத்துக்கொண்டு பஸ் ஏறக் கூடாது. பழுதுபார்க்கக் கொண்டுபோவதற்கு அவர் கூட வரலாம், அல்லது எழுத்தில் அனுமதி கொடுத்து உங்களை அனுப்பலாம் என்று 3-வது பிரிவே சொல்கிறது. சித்தப்பாவின் ரைபிளுக்கு அவருடைய கடிதம் தனியாக. கடிதத்தில் ரைபிள் எண், கொண்டுபோகும் நாள், எந்தக் கடைக்கு என்பதை எழுதி, லைசென்ஸையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். தோட்டா ஒன்றுகூட எடுத்துப் போகாதீர்கள். சுட்ட பழைய கூடுகள் இருந்தால் இரண்டு மூன்று எடுத்துப் போகலாம், ஆர்மரருக்கு அவை நிறையச் சொல்லும். போல்டுகளைத் தனித்தனித் துணியில் சுற்றி, எண் எழுதிய சீட்டை வையுங்கள். மிச்சமான திருகை ஒரு சின்னக் கவரில் போட்டு, எந்த ரைபிளைத் துடைக்கும்போது கிடைத்தது என்று எழுதுங்கள்.

கடையில் கேட்க வேண்டியது மூன்று: இடைவெளியை கேஜ் வைத்து அளந்து சொல்லச் சொல்லுங்கள், ஸ்ட்ரைக்கர் நீட்டத்தை அளக்கச் சொல்லுங்கள், பூட்டும் காதுகள் இரண்டும் சமமாக உட்காருகின்றனவா என்று மை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அளவுகளை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வீட்டுக்குத் திரும்பியதும் கைப்பிடியில் உள்ள எண்ணைச் சாயம் பூசித் தெளிவாக்கி, இரண்டு போல்டுகளையும் வெவ்வேறு பெட்டியில் வையுங்கள். தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கும்போதும், கையெழுத்துப் போடும் முன் அந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள்.